38, 39, 40க்குப் பத்தலை

நடந்தவை, வரிசைப்படி:

1. மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஆய்வகத்துக்கு விடுமுறை. எலிகளுக்கு விடுமுறை கிடையாது. அதனால் விலங்குக் கூடத்தின் உதவியாளர் மட்டும் காலையில் வந்தார்.

2. நாற்பது கூண்டுகளிலும் தண்ணீர் மாற்றினார். முந்தைய நாள் மிஞ்சிய தீனியை எடை போட்டார். புதுத் தீனியை எடை போட்டு வைத்தார்.

3. தன் டிபன் பாக்ஸைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைக் கூண்டுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு வைத்தார்.

4. முப்பத்தேழாவது கூண்டோடு பொங்கல் தீர்ந்தது.

5. இவ்வளவையும் பதிவேட்டில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதினார். கடைசி வரி: “38, 39, 40க்குப் பத்தலை.” கையெழுத்துப் போட்டார். கூடத்தைப் பூட்டினார். பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போனார்.

மூன்றாவதை எங்கள் மேலாளர் ஒரு வாரத்தில் மறந்திருப்பார். ஐந்தாவதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த எலிகள் எதற்காக இருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விதை நிறுவனம் மரபணு மாற்றிய மக்காச்சோளம் ஒன்றை உருவாக்கியிருந்தது. அதைத் தின்கிற உயிருக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கும் வேலை எங்களிடம் வந்தது. எண்பது எலிகள், கூண்டுக்கு இரண்டு, தொண்ணூறு நாட்கள். அ, ஆ, இ, ஈ என்று நான்கு குழுக்கள், குழுவுக்குப் பத்துக் கூண்டுகள். தீனி மூட்டைகளின் மேலும் அந்த எழுத்து மட்டும்தான் இருக்கும். எதில் புதுச் சோளம், எதில் சாதாரணச் சோளம் என்பது எனக்கும் தெரியாது, அந்த உதவியாளருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சோளத்தைத் தவிர மற்றதெல்லாம் நான்கு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எலியின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஆய்வின் அன்றாடப் பொறுப்பு என்னுடையது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

அந்த உதவியாளரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருந்திருப்பார். அவர் என்னை மேடம் என்பார். பத்தாவது வரை படித்தவர். எங்களிடம் வருவதற்கு முன் ஆலங்குடிப் பக்கம் முந்திரி உடைக்கும் கம்பெனியில் இருந்தார். அந்த வேலையிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“பருப்பு எடுக்குறப்ப ரெண்டு தின்னேன் மேடம்.”

“பாத்துட்டாங்களா?”

“யாரும் பாக்கல. சாயந்தரம் எடை போடுறப்ப கொறையுதேன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. நான்தான் ரெண்டு தின்னேன்னேன். மறுநாளு வரவேணாம்னுட்டாங்க.”

“எல்லாரும் திம்பாங்கதானே?”

“திம்பாங்க. அவங்கள கேக்கலையே.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையோ வருத்தமோ இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

சாப்பிட்டீர்களா என்று மதியம் கேட்டால், நாமெல்லாம் ‘சாப்பிட்டேன்’ என்போம். அவர், “முக்காவாசி மேடம். கொழம்புல உப்பு தூக்கல், கால்வாசிய நாய்க்கு வச்சுட்டேன்” என்பார். ஒருமுறை அரை மணி நேரம் தாமதமாக வந்தார். ஆலங்குடி பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோருக்கும் பஸ்தான் காரணம், அதை யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவர் வருகைப் பதிவேட்டில் ‘தூங்கிட்டேன்’ என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் பதிவேட்டை மாதக் கடைசியில் புரட்டிய அலுவலக உதவியாளர் அறை அறையாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு எலி தப்பித்த கதையும் உண்டு. நான்கு நிமிடத்தில் பிடித்துவிட்டார். நான் அங்கே இல்லை, வேறு யாரும் இல்லை. பதிவேட்டில் இப்படி இருந்தது: “கூண்டு 9. கதவ சரியா சாத்தாதது நான்தான். நாலு நிமிஷம் வெளியில இருந்துச்சு. வெளியில இருந்தப்ப என்ன தின்னுச்சுன்னு தெரியல.” படித்துவிட்டு நான் அவரிடம், “நாலு நிமிஷத்துல என்னக்கா தின்னிருக்கப் போவுது?” என்றேன்.

“அதான் மேடம். தெரியலன்னு எழுதிருக்கேன்.”

அவருடைய வேலையில் நான் மிகவும் மதித்தது சொளகு, அதாவது முறம். கூண்டின் அடியில் உமி பரப்பியிருப்போம். எலிக்குத் தீனியைக் கொறிப்பதைவிடச் சிந்துவதில் ஆர்வம் அதிகம். கிண்ணத்தில் மிஞ்சியதை மட்டும் எடை போட்டுவிட்டு, போனதெல்லாம் தின்றது என்று எழுதுவது எளிது. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அக்கா சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்து கேட்டார். “மேடம், உமிக்குள்ள கெடக்குறத என்ன செய்ய?”

“குப்பையில போட்டுருங்க.”

“அது தின்னதும் இல்ல, மிச்சமும் இல்ல. எந்தக் கட்டத்துல எழுதுறது?”

எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மறுநாள் அவர் ஒரு பிளாஸ்டிக் சொளகோடு வந்தார். கிருமிநாசினியில் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு கூண்டின் உமியையும் கொட்டிப் புடைத்தார். உமி ஒரு பக்கம் பறந்தது, புழுக்கை ஒரு பக்கம் ஒதுங்கியது, தீனித் துணுக்குகள் சொளகின் நுனியில் வந்து நின்றன. அதை எடை போட்டு, படிவத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘சிந்தினது’ என்று தலைப்பு எழுதிப் பதிந்தார். எங்கள் கருவிகள் பட்டியலில் நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் கீழே ‘சொளகு – 1’ என்று சேர்த்தேன். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, “அம்மிக்கல்லும் வாங்கிருவமா?” என்றார்.

மாட்டுப் பொங்கலுக்கு வருகிறேன்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு வெல்லக் கறைகூட இருந்தது. மறைக்க முடியாத விஷயம் என்பதால் மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, எலிக்கு மாட்டுப் பொங்கலா?”

“ஆமாங்க சார்.”

“யாரக் கேட்டுக் குடுத்தீங்க?”

“யாரையும் கேக்கல சார். கேட்டா வேணாம்பீங்க.”

“தெரியுதுல்ல? தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?”

“அன்னைக்கி வீட்டுல மாட்டுக்கு ஊட்டுனோம், ஆட்டுக்கு ஊட்டுனோம். கோழிக்கும் போட்டோம். நாப்பது நாளா நான் தீனி வைக்கிறதுக இதுக. இதுகளுக்கு மட்டும் வெறும் தீனிய வச்சுட்டு வர மனசு வரல சார். தப்புதான்.”

“சரி, குடுத்துத் தொலைச்சீங்க. அத ஏன் எழுதுனீங்க?”

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்து, “குடுத்தேன்ல சார்” என்றார்.

அவர் வெளியே போனபின் மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. அந்த ஆய்வகத்தைக் கட்டி எழுப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. “பதிவேட்டுல இந்தப் பக்கம் வெளிய போனா விதைக் கம்பெனி மொத்தத்தையும் முதல்லேருந்து செய்யச் சொல்லும். அடுத்த வேலைய நமக்குத் தரமாட்டான். ஒரு சுண்டைக்காய் பொங்கலுக்காக இது தேவையாம்மா? எலி எடைய அது மாத்திருமா?”

மாற்றாது. எனக்கும் அது தெரியும்.

“அப்பப் புதுப் பதிவேட்டுல எல்லாத்தையும் சுத்தமா எடுத்து எழுதிருங்க. அந்த ஒரு வரி மட்டும் வேணாம். அந்தம்மாகிட்ட எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து வாங்கிருங்க. மார்ச்சுல ஒங்க ஒப்பந்தமும் வருது, நான் பாத்துக்குறேன்.”

நான் எழுதினேன். இதை இந்தக் கட்டுரையில் தவிர்த்துவிடலாமா என்று யோசித்தேன், தவிர்க்க முடியாது. இரண்டு நாட்கள் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பக்கங்களை அழகான கையெழுத்தில் எடுத்து எழுதியது நான்தான். மாட்டுப் பொங்கல் பக்கத்தில் குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டதும் நான்தான்.

மூன்றாம் நாள் காலை, தீனி வைத்து முடித்தபின், கூடத்தின் வெளி அறையில் அக்காவிடம் புதுப் பதிவேட்டைக் கொடுத்தேன். பழையது நனைந்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார், கையெழுத்திட்டார். என் ஏழு ஐந்துபோல் இருக்கிறது என்று ஓர் இடத்தில் திருத்தச் சொன்னார். பொங்கல் பக்கம் வந்ததும் விரல் நின்றது. பேனாவை எடுத்து, குறிப்புக் கட்டத்தில் முழுவதையும் மறுபடி எழுத ஆரம்பித்தார். இந்த முறை இன்னும் விவரமாக: “வெல்லம், நெய் சேந்தது. முந்திரி அரைப் பருப்பு கூண்டு 12க்கு மட்டும் விழுந்துச்சு. 38, 39, 40க்குப் பத்தலை.”

முந்திரியை முதல் தடவை எழுத மறந்துவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. “அக்கா, இந்த வரி வெளிய போனா ஒங்களுக்கு வேல இருக்காது.”

“தெரியும் மேடம். முந்திரிக் கம்பெனியிலயே பாத்ததுதான்.”

“எனக்கும் போகலாம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உமித்தூள் ஒட்டியிருந்த நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

“அது எனக்குத் தெரியாது மேடம். ஒங்க வேல போகணும்னு நான் நெனைக்கல.” பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, “வேணும்னா நான் இப்பவே நின்னுக்குறேன். வேற யாராவது போடட்டும் கையெழுத்து. ஆனா அந்த மூணு கூண்டு?” என்றார்.

“எந்த மூணு?”

“பத்தலைல, அந்த மூணு. மூணுமே ஈ. அதுக எட நாளைக்கி வேற மாதிரி வந்துச்சுன்னா, என்ன காரணம்னு எழுதுவீங்க? சோளத்தத்தான சொல்லுவீங்க?”

பதிவேட்டில் அந்த மூன்று கூண்டுகளின் எழுத்தைத் தேடிப் பார்த்தேன்.

“வித்தியாசம் வரலன்னாலும் அப்படித்தான். மத்ததெல்லாம் ஒண்ணாத்தான் குடுத்தோம்னு எழுதுவீங்க. ஒண்ணாக் குடுக்கலையே மேடம். நான்தான் குடுக்கல.”

நான்கு வருடம் படித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவள் நான். அந்த மூன்று கூண்டுகளும் ஒரே குழுவில் இருக்கின்றன என்பதை நான் கவனிக்கவே இல்லை. எலியின் எடையைப் பொங்கல் மாற்றுமா என்று மட்டும்தான் யோசித்திருந்தேன். அவர் அதைவிட நேரான ஒன்றைச் சொன்னார். எல்லாம் ஒன்றாக இருந்தது என்று நான் எழுதப்போகிற வாக்கியம் பொய். அந்தச் சோளம் நல்லதோ கெட்டதோ, அதைப் பற்றி நான் எழுதுகிற எதையும் இனி நம்ப முடியாது.

அன்று மதியம் பழைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும், அக்கா சேர்த்து எழுதிய புதிய பக்கத்தையும், ஏன் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன என்ற என் விளக்கத்தையும் எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் விதை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். புதியதை எழுதியது யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பயமாக இருந்தது. பயம் என்று எங்கும் எழுதவில்லை, அதற்குக் கட்டம் இல்லை.

விளைவுகள் வந்தன. அக்காவை எங்களிடம் வேலைக்கு அனுப்பியிருந்த ஒப்பந்தக்காரர் அடுத்த வாரமே அவரை நிறுத்திவிட்டார். மேலாளர் என்னோடு மார்ச் வரை நேராகப் பேசவில்லை. மார்ச்சில் என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. விதை நிறுவனம், நடக்கிற ஆய்வைப் பொங்கல் குறிப்போடு தொண்ணூறு நாள் முடிக்கவும், பிறகு புது எலிகளில் முழுவதையும் மறுபடி செய்யவும் சொன்னது. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே அறிக்கை எழுத வேண்டும்.

அக்கா போகும்போது கூண்டு வரிசையை ஒருமுறை சுற்றி வந்தார். “22ல இடதுபக்கத்தது தண்ணிக் குழாயக் கடிக்கும், பாத்துக்கங்க” என்றார். சொளகை எனக்கு விட்டுப் போனார்.

மிச்ச நாட்களில் புடைத்தது நான். உமி என் தலைமுடியில், காதில், மூக்கில். முதல் வாரம் தீனியும் உமியும் சேர்ந்து பறந்தன. பறந்ததை ‘என் கையால் சிந்தினது’ என்று தனியாக எழுதிவைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஒரு நாளைக்கு நாற்பது முறை இதைச் செய்துவிட்டு, அதற்குமேல் குறிப்பும் எழுதியிருக்கிறார் என்பது. நன்றி என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

தொண்ணூறாவது நாள் எலிகளைக் கொன்று உறுப்புகளை எடை போட வேண்டும். அக்கா இருந்திருந்தால் அன்று விடுப்பு எடுத்திருப்பார். இதற்கு முந்தைய ஓர் ஆய்வில் அப்படித்தான் செய்தார். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதவில்லை. “என்னால பாக்க முடியாது” என்று எழுதியிருந்தார்.

போன மாதம் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மூன்று வருடங்களுக்குப் பிறகு. அறந்தாங்கியில் இருக்கும் என் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஆலங்குடியில் ஒரு திருமணத்துக்காக வந்திருந்தேன். அவர் கையில் ஒரு பை, தோளில் ஒரு குழந்தை. அக்கா என்று கூப்பிட்டதும் திரும்பினார். நலம் விசாரிக்கவில்லை.

“மேடம், அந்த மூணு கூண்டு என்னாச்சு?”

“ஒரு வித்தியாசமும் இல்லக்கா.”

“மத்ததுல?”

“மத்ததுலயும் இல்ல. ரெண்டாவது தடவையும் இல்ல.”

“ஈ தான் புதுச் சோளமா?”

“ஈ தான்.”

“அப்ப அதத் திங்கலாமா?”

என் அம்மா இதே கேள்வியை அன்று காலையில்தான் கேட்டிருந்தார். ரேஷனில் அந்தச் சோளம் வந்துவிடுமா என்ற பயம் அவருக்கு. அம்மாவுக்கு ஒரு மாதிரி மழுப்பிவிட்டு வந்திருந்தேன். அக்காவிடம் மழுப்ப முடியாது.

“எலிக்குத் தொண்ணூறு நாளு குடுத்தோம். நாங்க அளந்து பாத்ததுல ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“அதுக்கு மேல?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு எழுதுனீங்களா?”

“எழுதுனேன்.”

“ம்” என்றார். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். இப்போது பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில் தீனிக் குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். பண்ணைக்காரர் கோபக்காரராம். “ஆனா செத்தத செத்ததுன்னு எழுத விடுறாரு மேடம்.” அவருடைய பஸ் வந்தது. “அக்கா, ஒங்களாலதான் அந்தப் பக்கம் வெளிய போச்சு” என்று நான் ஆரம்பித்தேன். “நீங்கதான மேடம் அனுப்புனீங்க” என்று படியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

இன்றைய நிலவரம்: அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டது. அந்தச் சோளத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவு செய்வது என் வேலையும் அல்ல. நான் அதே ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் படிவத்தில் இப்போது ‘சிந்தினது’ என்ற கட்டம் அச்சிலேயே வருகிறது. அதன் கீழே இன்னொரு கட்டமும்: ‘குறித்த தீனி தவிர வேறு ஏதாவது கொடுத்திருந்தால்: என்ன, எவ்வளவு, யாருக்குப் பத்தவில்லை.’ இரண்டு பதிவேடுகளும் ஆவண அறையில் பத்திரமாக உள்ளன. பழையதின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், வலது ஓரத்தில், ஒரு கறை இருக்கிறது. வெல்லம் என்று அருகில் குறித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டிருக்கிறேன்.